28 ரூபாய்க்கு சி.டி. விற்ற கம்பெனியும் 25 வருட சோலார் வாரன்ட்டியும்

வீட்டுப் பரணில் பழைய சி.டி. டப்பா கிடந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல் என்று ஏதோ ஒரு படத்தின் மெல்லிய உறையில் ‘மோசர் பேர்’ என்ற பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். 2007 வாக்கில் வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் வந்து இறங்கியபோது, பிளாட்பாரத்தில் விற்ற திருட்டு சி.டி.க்கும் ஒரிஜினலுக்கும் விலையில் பெரிய வித்தியாசமே இல்லாமல் போனது. எங்கள் வயதுக்காரர்களுக்கு அது ஸ்கூல் லீவு நினைவு. அப்பா, அம்மாவுக்கு, தேடித் தேடி அலைந்த கறுப்பு வெள்ளைப் படமெல்லாம் கைக்குக் கிடைத்த காலம்.

அதே கம்பெனிதான் ஒரு காலத்தில் இந்தியாவின் பெரிய சோலார் கம்பெனிகளில் ஒன்று என்று சொன்னால் பாதிப் பேருக்கு ஆச்சர்யமாக இருக்கும். இன்று அது இல்லை. அரசாங்கமே ‘சோலார் செய்யுங்கள், உதவுகிறோம்’ என்று அழைத்த காலத்தில் உள்ளே வந்து, கடனில் மூழ்கிப்போன கம்பெனி அது.

பழைய கதையை இப்போது கிளறக் காரணம் உண்டு. ‘அரசு மானியம் 78,000 ரூபாய், உடனே முந்துங்கள்’ என்ற நோட்டீஸ் வராத தெருவே இன்று குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் இல்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வாரம் ஒரு கொட்டேஷன் வந்து விழுகிறது. மானியம் உண்மைதான். ஆனால் அந்த நோட்டீஸைக் கொடுத்த கம்பெனி எத்தனை வருடம் இருக்கும் என்பது தனிக் கேள்வி.

சி.டி.யிலிருந்து சூரியனுக்கு

மோசர் பேர் இந்தியா 1983-ல் டெல்லியில் தீபக் புரி தொடங்கிய நிறுவனம். முதலில் நேரம் பதியும் கருவி, பிறகு ஃபிளாப்பி, அதன் பிறகு சி.டி., டி.வி.டி. ஒரு கட்டத்தில் உலகத்திலேயே அதிகமாக சி.டி. தயாரிக்கும் கம்பெனிகளின் வரிசையில் போய் உட்கார்ந்தது. சினிமாவும் எடுத்தது, 2008-ல் வந்த ‘பூ’ படத்தின் தயாரிப்பில் இதன் பெயரும் உண்டு.

பென் டிரைவும் இன்டர்நெட்டும் வந்தால் சி.டி. காலி என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தகட்டின் மேல் மெல்லிய படலம் பூசும் வேலை ஏற்கெனவே கைவந்த கலை. சோலாரில் ‘மெல்லிய படலம்’ என்ற வகை பேனலும் கிட்டத்தட்ட அதே மாதிரி வேலைதான், கண்ணாடி மேல் பூசுவது. அதனால் சோலாருக்குள் நுழைந்தார்கள். யோசித்துப் பார்த்தால் இது முட்டாள்தனமான முடிவே இல்லை. நானாக இருந்தாலும் கைதட்டியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து, 2007 மார்ச்சில் மத்திய அரசு ஒரு சிறப்பு ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. சிப், சோலார் போன்ற தொழிற்சாலை கட்டினால், பத்து வருடத்தில் போடும் மூலதனத்தில் 20 சதவிகிதத்தை, அதுவே சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியே என்றால் 25 சதவிகிதத்தை அரசு ஏற்கும். சோலாருக்குக் குறைந்தபட்ச முதலீடு 1,000 கோடி ரூபாய். சிப் தொழிற்சாலைக்காகப் போட்ட வலையில் சோலார் கம்பெனிகள்தான் கூட்டமாக வந்து விண்ணப்பித்தன. மோசர் பேரின் சோலார் பிரிவும் அதில் ஒன்று. 2008-ல் சென்னைக்குப் பக்கத்தில் சுமார் 2,000 கோடி ரூபாயில் தொழிற்சாலை கட்ட தமிழக அரசோடும் ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தொழிற்சாலை வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒரே ஒரு பொருளின் விலையைச் சொன்னால் போதும். அதன் பெயர் பாலிசிலிக்கான். சாதாரண சோலார் பேனலுக்கு அதுதான் அரிசி மாவு. 2008-ல் சந்தையில் ஒரு கிலோ 400 டாலரைத் தாண்டியது. ‘சிலிக்கான் இவ்வளவு விலை விற்றால், சிலிக்கானைக் கொஞ்சமாகச் செலவழிக்கும் மெல்லிய படல பேனல்தான் ஜெயிக்கும்’ என்று உலகம் முழுக்கக் கணக்குப் போட்டார்கள். சீனாவில் பாலிசிலிக்கான் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 2012-ல் அதே ஒரு கிலோ 20 டாலர் அளவுக்கு வந்து நின்றது. மாவு விலை இருபதில் ஒரு பங்கானால், ‘மாவு குறைவான தோசை’ விற்கிறவரிடம் யார் வாங்குவார்கள்?

மோசர் பேருக்கு அந்த மெல்லிய படல இயந்திரங்களைத் தந்த அமெரிக்காவின் அப்ளைடு மெட்டீரியல்ஸ், 2010 ஜூலையில் ‘இந்த இயந்திரத்தை இனி புதிதாக யாருக்கும் விற்கப் போவதில்லை’ என்று அறிவித்துவிட்டது. வாங்கி வைத்தவர்கள் வாங்கி வைத்தவர்கள்தான்.

மானியத்தோடு மானியம் மோதியபோது

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இது தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே வந்து முடிகிறது.

2010 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு தேசிய சோலார் திட்டம் தொடங்கியது. 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பது இலக்கு. இந்தத் திட்டத்தில் சோலார் பூங்கா கட்டுகிறவர்கள் இந்தியாவில் செய்த பேனலைத்தான் வாங்க வேண்டும் என்று விதி போட்டார்கள். நல்ல விதி, உள்ளூர் கம்பெனிகள் பிழைக்கும். ஆனால் அந்த விதி சிலிக்கான் பேனலுக்கு மட்டும். மெல்லிய படல பேனலுக்கு விலக்கு. சந்து தெரிந்தால் ஆட்டோ நுழையாதா? திட்டம் எடுத்தவர்களில் பலர் அமெரிக்காவிலிருந்து மெல்லிய படல பேனலை இறக்குமதி செய்தார்கள். அமெரிக்க அரசின் ஏற்றுமதி வங்கி அதற்குக் குறைந்த வட்டியில், நீண்ட காலத் தவணையில் கடனும் கொடுத்தது. ‘எங்கள் ஊர் பேனலை வாங்கினால் எங்கள் ஊர்க் கடன்’ என்பதுதான் ஏற்பாடு. இங்கே வங்கி வட்டியோ இரட்டை இலக்கம்.

ஆக, இந்திய அரசு உதவிய திட்டத்தில், அமெரிக்க அரசு உதவிய கடனில், அமெரிக்கப் பேனல் வந்து இறங்கியது. இந்தப் பக்கம் சீனப் பேனல் விலையும் சரிந்துகொண்டே இருந்தது. நொய்டா பக்கம் இருந்த இந்தியத் தொழிற்சாலைகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. ‘இந்தியப் பேனல்தான்’ என்ற விதியையும் அமெரிக்கா விடவில்லை. 2013-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2016-ல் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டிலும் தோல்வி.

2012-ல் மோசர் பேரால் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்கான பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. வங்கிகள் கடனை மாற்றியமைத்துக் கொடுத்துப் பார்த்தன. 2017 நவம்பரில் விஷயம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. வாங்க ஆள் வரவில்லை. 2018 செப்டம்பரில் கம்பெனியைக் கலைத்து விற்கச் சொல்லி உத்தரவு வந்தது. சோலார் பிரிவும் அதே வழியில் போனது.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதே மாதிரி ஒரு கம்பெனி விழுந்தது என்பது இதில் வேடிக்கை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்த சோலிண்ட்ரா. தட்டையான பேனலுக்குப் பதில் குழாய் வடிவத்தில், சிலிக்கானே இல்லாமல் செய்தார்கள். 2009-ல் அமெரிக்க எரிசக்தித் துறை 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2010 மே மாதம் அதிபர் ஒபாமாவே போய் தொழிற்சாலையைப் பார்த்துப் பாராட்டினார். 2011 ஆகஸ்ட் 31 அன்று கதவை மூடினார்கள். சுமார் 1,100 பேருக்கு அன்றே வேலை போனது. சில நாளில் எஃப்.பி.ஐ. சோதனைக்கு வந்தது. காரணம்? அதே பாலிசிலிக்கான் விலைதான். கம்பெனி தன் விற்பனை ஒப்பந்தங்களைப் பற்றி அரசுக்குச் சரியான தகவல் தரவில்லை என்று பிறகு 2015-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

சோலிண்ட்ரா விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. 2011 தொடக்கத்தில், கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தபோது, தனியார் முதலீட்டாளர்கள் மேலும் 7.5 கோடி டாலர் போட முன்வந்தார்கள். ஒரு நிபந்தனையோடு: கம்பெனி திவாலானால் அந்தப் பணம் முதலில் எங்களுக்கு, அரசுக்கு அப்புறம். அரசும் சரி என்றது. மக்கள் வரிப்பணம் வரிசையில் பின்னால் போய் நின்றது.

இதை வைத்து ‘மானியமே தப்பு’ என்று சொல்லிவிட முடியாது. அதே எரிசக்தித் துறையின் இன்னொரு கடன் திட்டத்தில் 2010-ல் 46.5 கோடி டாலர் வாங்கிய டெஸ்லா, 2013 மே மாதம், கெடுவுக்கு ஒன்பது வருடம் முன்பே, வட்டியோடு திருப்பிக் கட்டியது. ஜெயித்த சீனக் கம்பெனிகளும் தப்பவில்லை; உலகின் நம்பர் ஒன்னாக இருந்த சன்டெக் 2013 மார்ச்சில் கடன் கட்ட முடியாமல் விழுந்தது. ஜெர்மனியின் கியூ-செல்ஸ் 2012-ல். சோலார் பேனல் விலை குறைந்து நம் மொட்டை மாடிவரை வந்ததற்கு, வழியில் விழுந்த இத்தனை கம்பெனிகளும் ஒரு காரணம். நமக்கு லாபம், அவர்களுக்குக் கல்லறை.

வரிசையில் நாம் எங்கே?

ஒரு கம்பெனியைக் கலைக்கும்போது, இருக்கும் சொத்தை விற்று வரும் பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்குச் சட்டத்தில் வரிசை இருக்கிறது. நம் ரேஷன் கடை வரிசை மாதிரிதான். சரக்கு தீர்ந்தால் பின்னால் நிற்கிறவருக்கு ஒன்றுமில்லை. 2016-ன் திவால் சட்டப்படி, கலைக்கும் வேலைக்கான செலவுக்கு முதலிடம். அடுத்து, சொத்தை அடமானமாக வாங்கிய வங்கிகளும் தொழிலாளர்களின் 24 மாதச் சம்பள பாக்கியும் சமமாக. அதன் பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. பிறகு அடமானம் இல்லாத கடன்காரர்கள். பிறகு அரசுக்கான வரி. அதற்கும் பின்னால்தான் ‘மற்ற பாக்கிகள்’.

மோசர் பேர் தொழிலாளர்கள் இந்த வரிசைக்காகவே வருடக்கணக்கில் கோர்ட் ஏறினார்கள். பி.எஃப்., கிராஜுட்டி, பென்ஷன் பணம் எல்லாம் கம்பெனியின் சொத்தே அல்ல, அதை வங்கிகளோடு பங்கு போடக் கூடாது என்று 2019-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் சொன்னது. பெரிய வெற்றி அது. சோலாரோடு சம்பந்தமே இல்லாத எத்தனையோ ஆலைத் தொழிலாளர்களுக்கும் இன்று அந்தத் தீர்ப்பு உதவுகிறது. ஆனால் சம்பள பாக்கிக்கு இன்னும் மேலான முன்னுரிமை வேண்டும், பழைய கம்பெனி சட்டத்தில் இருந்த பாதுகாப்பைப் பறிக்கக் கூடாது என்று அவர்கள் சங்கம் போட்ட வழக்கை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வேலை செய்தவர்களுக்கே இந்த நிலை என்றால், கையில் வாரன்ட்டி கார்டு வைத்திருக்கும் வீட்டுக்காரர்? அவர் அந்த ‘மற்ற பாக்கிகள்’ கூட்டத்தில், வரிசையின் கடைசி வளைவில் நிற்கிறார்.

சிட்லபாக்கத்தில் என் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் சோலார் இருக்கிறது. 2014-ல் போட்டது. அப்போது தமிழக அரசு, முதலமைச்சர் பெயரிலான திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் கொடுத்தது, மத்திய அரசின் மானியம் தனி. பெரியம்மா டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லா பேப்பரையும் பிளாஸ்டிக் ஃபைலில் பத்திரமாக வைத்திருக்கிறார். 25 வருட வாரன்ட்டி கார்டும் அதில் உண்டு. மாட்டிக் கொடுத்த கம்பெனி மூன்றே வருடத்தில் ஆபீஸைக் காலி செய்துவிட்டது. பேனல் செய்த கம்பெனியும் இப்போது தொழிலில் இல்லை. பெயர்கள் இங்கே வேண்டாம். இன்வெர்ட்டர் நின்றுபோய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் போயிருந்தபோது பெரியம்மா சொன்னார்: “பேனலுக்கு ஒண்ணும் ஆகலைடி. போன் எடுக்கத்தான் ஆள் இல்லை.”

78,000 ரூபாய் யாருடைய கணக்குக்கு?

இப்போதைய திட்டத்துக்கு வருவோம். பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடு, 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். அபார்ட்மென்ட் சங்கங்கள் லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் தரும் என்று வைத்தால், மூன்று கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் சுமார். ஏ.சி. ஓடும் வீட்டுக்கு ஈ.பி. பில்லில் நன்றாகவே தெரியும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்கூடத் தாண்டாத வீடு என்றால், 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், அவசரமே இல்லை. இதை எந்த நோட்டீஸும் சொல்லாது.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம், பணம் போகும் வழி. தேசிய போர்ட்டலில் பதிவு செய்து, பதிவு பெற்ற விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்து, அவர் மாட்டி, நெட் மீட்டர் வைத்து, மின்வாரிய ஆட்கள் வந்து பார்த்துச் சான்று கொடுத்த பிறகுதான் மானியம் வரும். அதுவும் விற்பனையாளருக்கு அல்ல, உங்கள் வங்கிக் கணக்குக்கு. ஓடாத பேனலுக்கு அரசுப் பணம் இல்லை. சோலிண்ட்ராவுக்குக் கிடைத்ததும் 2007 திட்டம் வாக்களித்ததும் ‘கட்டுவதற்கு’ப் பணம், இது ‘ஓடினால்’ பணம்.

ஆனால் அரசு தன் பணத்தைப் பாதுகாத்துக்கொண்ட மாதிரி உங்கள் பணத்தை யாரும் பாதுகாக்கவில்லை. மூன்று கிலோவாட்டுக்கு இரண்டு லட்சத்தை ஒட்டி ஆகிறது. மானியம் பின்னால்தான் வரும் என்பதால் முழுத் தொகையையும் நீங்கள் முன்னால் புரட்ட வேண்டும், அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பது என்பது உங்களுக்கும் விற்பனையாளருக்கும் நடுவிலான பேச்சு. ‘முழுப் பணமும் இன்றே கட்டினால் 5,000 குறைவு’ என்று யாராவது சொன்னால், அந்த 5,000 ரூபாய்க்கு நீங்கள் அவருக்குக் கடன் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அவர் கடையை மூடினால் நீங்களும் அந்தக் கடைசி வளைவுக்குப் போக வேண்டியதுதான். ஆர்டர் கொடுக்கும்போது கொஞ்சம், பேனலும் இன்வெர்ட்டரும் வீட்டுக்கு வந்து இறங்கியதும் பெரும் பகுதி, நெட் மீட்டர் ஓடிய பிறகு கணிசமான ஒரு பாக்கி என்று எழுதி வாங்குங்கள். திட்டத்திலேயே மாதிரி ஒப்பந்தப் படிவம் இருக்கிறது. அதைப் பார்த்ததே இல்லை என்று சொல்லும் விற்பனையாளரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

வாரன்ட்டி என்று சொல்வதும் ஒன்றல்ல. 25 வருடம் என்பது பேனல் ‘இவ்வளவு சதவிகிதம் மின்சாரம் தரும்’ என்ற உறுதி. கொடுப்பவர் பேனல் தயாரிப்பாளர். பேனலே உடைந்தால், பிய்ந்தால் என்பதற்குத் தனி வாரன்ட்டி, அது இதைவிடக் குறைவான காலம். இன்வெர்ட்டருக்கு வேறு தயாரிப்பாளர், வேறு காலம், உண்மையில் முதலில் கெட்டுப்போவதும் அதுதான். மாட்டிக் கொடுத்தவர் ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்பது திட்ட விதி. ஆக, வாரன்ட்டி பேப்பர் எல்லாம் தயாரிப்பாளர் பெயரில், பேனல்களின் சீரியல் நம்பரோடு உங்கள் கையில் இருக்க வேண்டும். மாட்டியவர் போனாலும் தயாரிப்பாளர் இருந்தால் பேச ஒரு இடம் மிஞ்சும். நோட்டீஸில் பேனல் பிராண்ட் பெயரே போடாமல் ‘உயர்தர பேனல்’ என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மானியம் வேண்டுமென்றால் பேனலும் உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். ‘டி.சி.ஆர். பேனல்’ என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். இறக்குமதி செல் வைத்த பேனல் விலை குறைவு; அதைக் காட்டி விலை சொல்லிவிட்டு மானியத்தையும் கழித்துக் காட்டினால் ஏதோ இடிக்கிறது. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. பழைய கொட்டேஷனையே தேதி மாற்றி நீட்டுகிறார்களா என்று பாருங்கள்.

(முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வாசகர்களுக்கு மட்டும்: இன்வெர்ட்டரை 2015 வெள்ளக் கோட்டுக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். மாடியில் பேனலைத் தாங்கும் சட்டத்தை வர்தா புயலை நினைத்துக்கொண்டு போடச் சொல்லுங்கள். செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிற்க வைக்கிறேன் என்று வருகிறார்கள்.)

2013-ல் கேரளாவையே உலுக்கிய சோலார் வழக்கை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே நடந்தது ஆள் பிடித்து முன்பணம் வாங்கிய மோசடி. நான் சொல்வது நேர்மையாகத் தொழில் செய்தும் விழுகிற கம்பெனிகளைப் பற்றி. மோசடிக்காரரைக் கொஞ்சம் விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம். உலக விலை சரிந்தால் விழப்போகும் நல்ல கம்பெனியை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரகடம் போகும் பஸ்கள்

காலையில் தாம்பரத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரகடத்தில் 2021 ஜூலையில் விக்ரம் சோலார் 1.3 கிகாவாட் பேனல் தொழிற்சாலையைத் திறந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் 2024 ஜனவரியில் 3.3 கிகாவாட் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. அது அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார்.

பெயர் புதிதாக இருந்தாலும் கதையில் இவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். தேசிய சோலார் திட்டத்தின் அந்த விலக்கில் அமெரிக்கக் கடனோடு இங்கே வந்து இறங்கிய மெல்லிய படல பேனல்களில் முக்கியமானவை இவர்களுடையவைதான். மெல்லிய படலத்தில் தாக்குப்பிடித்து நிற்கும் ஒரே பெரிய கம்பெனி என்றே சொல்லலாம். இவர்களுடையது சிலிக்கான் அல்ல, காட்மியம் டெல்லுரைடு. அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் பிள்ளைப்பாக்கம் ஆலைக்கு 50 கோடி டாலர் கடன் கொடுத்திருக்கிறது. இந்திய அரசின் உற்பத்தி ஊக்கத் திட்டத்திலும் 2023 மார்ச்சில் தேர்வானார்கள். அன்று மோதிக்கொண்ட இரண்டு அரசு உதவிகளும் இன்று ஒரே கூரையின் கீழ்.

24,000 கோடி ரூபாய் ஒதுக்கிய அந்த ஊக்கத் திட்டத்தில், தொழிற்சாலை கட்டியதற்காகப் பணம் இல்லை. பேனலைத் தயாரித்து விற்ற பிறகு, விற்ற அளவுக்கு, ஐந்து வருடம் கிடைக்கும். 2007-ல் இருந்ததைவிட இது நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஐந்து வருடம் முடிந்த பிறகு? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பர் 1 அன்று நின்றபோது, ஒரு காலத்தில் 8,000 பேர் வேலை பார்த்த இடம் அது என்பதை இந்தப் பக்கத்து வீடுகள் மறந்திருக்காது. அதற்கும் வரிச் சலுகை, நிலம், தடையில்லா மின்சாரம் எல்லாம் கொடுத்துத்தான் அழைத்து வந்தார்கள்.

இப்போது அந்த சோலார் ஆலைகளுக்கு பஸ் ஏறும் பிள்ளைகளில் பலர் டிப்ளமோ முடித்த இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். பி.எஃப். கணக்கு எண்ணை வாங்கி, மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று போனிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நொய்டா தொழிலாளர்கள் கோர்ட்டில் வாங்கிய பாதுகாப்பு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கான்ட்ராக்டர் மூலம் வேலை என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பெரியம்மா வீட்டுக்கு, குரோம்பேட்டையில் இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்யும் ஒருவர் வந்து பார்த்தார். பேனல் பதினோரு வருடத்துக்குப் பிறகும் நன்றாகவே மின்சாரம் தருகிறதாம். புது இன்வெர்ட்டர் மாட்டினால் போதும் என்கிறார். விலை கேட்டிருக்கிறோம்.

அடுத்த வாரம்: அபார்ட்மென்ட் மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்? கடைசி மாடிக்காரர் தனியாக சோலார் போட்டுக்கொள்ளலாமா? சங்கக் கூட்டத்தில் சண்டை நடந்த அனுபவம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.